கட்டிக்குள்ளேயே எதிர்ப்புக் கலங்கள் இருக்கும்போது எதற்கு இரண்டு மருந்து?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. குடிப்பழக்கமே இல்லாதவர். நெடுங்காலமாகச் சலரோகம் உண்டு. "ஈரலில் கொழுப்பு" என்று பழைய ரிப்போர்ட்டுகளில் இருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது ஈரல் இறுகிவிட்டது, அதில் புற்றுநோய்க் கட்டி, பக்கத்து இரத்தக் குழாய்க்குள்ளும் போயிருக்கிறது, வெட்டி எடுக்க முடியாது என்கிறார்கள். பயொப்ஸி கூட எடுக்கவில்லை. ஸ்கேனைப் பார்த்தே முடிவு சொன்னார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை இரண்டு மருந்துகளைச் சேலைன் மாதிரி ஏற்ற வேண்டுமாம்: அட்டசோலிசுமாப் நிர்ப்பீடனத்துக்கு (எதிர்ப்புச் சக்திக்கு), பெவசிசுமாப் இரத்தக் குழாய்களுக்கு. கனடாவில் இருக்கும் மாமா, "எதிர்ப்புச் சக்தி மருந்து மட்டும் போதும், மற்றது இரத்தப்பெருக்கைக் கொண்டுவரும், வேண்டாம் என்று சொல்" என்கிறார். எனக்கும் ஒரு குழப்பம். கட்டிக்குப் போகும் இரத்தத்தை நிறுத்தினால் முதல் மருந்து எப்படி உள்ளே போகும்? கட்டிக்குள் எதிர்ப்புக் கலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று வாசித்தேன். அப்படியென்றால் அவை ஏன் சும்மா இருக்கின்றன? பெரியம்மா சீந்தில் சாறும் பப்பாசி இலைச் சாறும் கொடுக்கத் தொடங்கிவிட்டார். கொடுக்கலாமா? இன்னொன்று: அப்பாவிடம் "ஈரலில் ஒரு கட்டி" என்று மட்டுமே சொல்லியிருக்கிறோம்.
பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சீந்திலை இன்றே நிறுத்துங்கள். இரண்டாவது மருந்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அதை ஏற்றுவதற்கு முன் எண்டோஸ்கோபி (வாய்வழியே கமரா விட்டு உணவுக்குழாயைப் பார்ப்பது) செய்வார்களா என்று கேளுங்கள். காரணங்களை இனி ஆறுதலாகப் பார்ப்போம்.

பயொப்ஸி எடுக்காததை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஈரலுக்கு இரண்டு வழிகளால் இரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் நாளம் வழியாக வரும். மீதிக் கால் பங்கு ஈரல் நாடி வழியாக வரும். நல்ல ஈரல் திசு பெரும்பாலும் போர்ட்டல் நாளத்தை நம்பியே வாழ்கிறது. புற்றுநோய் இதற்குத் தலைகீழ்: தனக்கு வேண்டிய குழாய்களை ஈரல் நாடியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. சி.ரி. ஸ்கேனில் இது கண்ணுக்கே தெரியும். கையில் சாயமருந்தை ஏற்றி அரை நிமிடம் சென்றதும் எடுக்கும் படத்தில் ஈரல் முழுவதும் மங்கல் சாம்பலாக இருக்க, கட்டி மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். நாடியால் வந்த சாயம் நேரே அதற்குள் போய்விட்டது. இன்னும் அரை நிமிடம் பொறுத்து எடுத்த படத்தில் எல்லாம் மாறியிருக்கும்: போர்ட்டல் நாளத்தால் வந்த சாயம் நல்ல ஈரலை வெளுக்கச் செய்ய, கட்டி சாயத்தை இழந்து இருண்டுபோகும். சிரோசிஸ் (ஈரல் இறுகுவது) உள்ள ஒருவருக்கு இரண்டு படமும் இப்படி அமைந்தால், ஊசி குத்திச் சதை எடுக்காமலே ஈரல் புற்றுநோய் என்று முடிவுசெய்வது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட முறை. ஊசி குத்தினால் இரத்தம் கசிய இடமுண்டு. அரிதாக, ஊசி வந்த பாதையில் புற்றுக் கலங்கள் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

அடுத்த கிளினிக்கில் அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமான நாளில் வைத்தியர் முகம் சுளிக்கக்கூடும், பரவாயில்லை, கேளுங்கள். அப்பாவின் வருத்தத்தில் இரத்தக் குழாய்களுக்கு என்ன பங்கு என்பது என் எழுத்தைவிட அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியும்.

அந்தக் குழாய்கள் எப்படி வந்தன? ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமென்றால் புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்தே ஆக வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர் 1971இல் எழுதினார். அன்றைக்கு அதைப் பெரும்பாலானோர் நம்பவில்லை. குழாய்களை வளரச் செய்யும் முக்கியமான புரதத்தை நப்போலியோன் ஃபெராராவின் குழு 1989இல் பிரித்தெடுத்தது. வி.ஈ.ஜி.எஃப். என்பது அதன் பெயர். கட்டியின் உட்பகுதிக்கு ஒக்சிசன் போதாமல் போகும்போது அங்குள்ள கலங்கள் இதைச் சுரக்கும். அது பரவி வரும் திசையை நோக்கிப் பக்கத்துக் குழாய்களின் சுவர் முளைவிடும். பெவசிசுமாப் பிடித்து முடக்குவது இந்தப் புரதத்தைத்தான்.

இதுவரைக்கும் எதிர்ப்புக் கலங்கள் வரவில்லை. இனி வருகின்றன, அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத பக்கத்தில்.

நிர்ப்பீடன விஷயத்தில் ஈரல் ஒரு தனி ரகம். நாம் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தின் சத்தும், குடலில் வாழும் பக்ரீரியாக்களின் துணுக்குகளும் போர்ட்டல் நாளத்தில் ஏறி முதலில் வந்து சேருமிடம் அது. வருகிற ஒவ்வொரு அந்நியப் பொருளோடும் சண்டைக்கு நின்றால் மத்தியானச் சாப்பாடே வருத்தமாகிவிடும். ஆகவே ஈரலின் நிர்ப்பீடனம் பொறுத்துப்போகப் பழகியது. உடலின் திசுக்களில் நிலையாகக் குடியிருக்கும் விழுங்கு கலங்களில் மிகப் பெரும்பகுதி, குப்ஃபர் கலங்கள் என்ற பெயரில், ஈரலின் நுண்குழாய்ச் சுவர்களில்தான் இருக்கின்றன. வந்த குப்பையைத் தின்று, அழற்சியைக் கிளப்பாமல் வேலையை முடிப்பது அவற்றின் சுபாவம். மாற்று ஈரல் பொருத்தியவர்களுக்கு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களைவிடப் பொதுவாகக் குறைந்த மருந்தே போதுமாவதற்கும் இந்தப் பொறுமை ஒரு காரணம்.

புற்றுநோய் இந்தப் பொறுமையில் குளிர்காய்கிறது. கட்டி சில இரசாயனச் சைகைகளை விட்டு, இரத்தத்தில் சுற்றும் மொனோசைட் கலங்களைக் கூப்பிடுகிறது. அவை உள்ளே வந்ததும் விழுங்கு கலங்களாக மாறும். கையில் ஒரு வெட்டுக்காயம் பட்டால் இதே கலங்கள் முதலில் கிருமியைக் கொல்லும். அப்புறம் காயத்தை ஆற்றும் வேலைக்குத் திரும்பும். செத்ததை அகற்றும், நாரைக் கட்டும், புதிய இரத்தக் குழாயை வரவழைக்கும். கட்டிக்குள் இருக்கும் ஒக்சிசன் குறைவும் அமிலச் சூழலும் அங்கே சுரக்கும் புரதங்களும் அவற்றை இந்த இரண்டாவது வேலையிலேயே நிறுத்திவைக்கின்றன. கொல்ல வேண்டியவை குழாய் கட்ட உட்கார்ந்துவிடுகின்றன. அவை தாமாகவே வி.ஈ.ஜி.எஃப். சுரக்கும். போதாததற்கு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளைக் கலங்கள் ஒரு நொதியத்தை விட்டு, திசுவின் நார்களுக்கிடையே ஏற்கெனவே சிக்கியிருக்கும் வி.ஈ.ஜி.எஃப்.ஐயும் அவிழ்த்துவிடும்.

வெட்டி எடுத்த ஈரல் கட்டி ஒன்றை நோயியல் வைத்தியரின் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இந்தக் கூட்டு வேலையின் அடையாளம் தெரியும். குழாய்ச் சுவரைக் காட்டும் சி.டி.34 என்ற சாயத்தைப் போட்ட தகட்டில், நல்ல ஈரல் பகுதி அநேகமாக வெறுமையாக நீல நிறப் புள்ளிகளோடு கிடக்கும்; ஈரலின் சாதாரண நுண்குழாய்கள் இந்தச் சாயத்தைப் பெரிதாகப் பிடிப்பதில்லை. தகட்டை மெல்லக் கட்டிப் பக்கம் நகர்த்தினால், ஒரு கோட்டைத் தாண்டியதும், கபில நிற வரிகள் நெருக்கமாக ஓடத் தொடங்கும். துணையாகப் பித்தக்குழாய் இல்லாமல் தனியே நிற்கும் நாடிகளும் நடுநடுவே தெரியும்; நல்ல ஈரலில் இந்த இரண்டும் சோடியாகத்தான் போகும். அதே கட்டியிலிருந்து வெட்டிய அடுத்த தகட்டில் விழுங்கு கலங்களுக்குரிய சி.டி.68 சாயத்தைப் போட்டால் அவையும் வேண்டியளவு அங்கே இருக்கும். எதிர்ப்புக் கலங்கள் போதாமல் இந்த வருத்தம் வரவில்லை என்று நான் சொல்வதற்கு இந்தத் தகடுகள் ஒரு காரணம்.

புதிய குழாய்கள் ஒழுங்கான குழாய்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவசரத்தில் முளைத்தவை, கோணல்மாணலானவை, சுவரைத் தாங்கும் கலங்கள் சரியாக ஒட்டாததால் கசிபவை. கசிந்த நீர் கட்டிக்குள் தேங்கி அழுத்தத்தை ஏற்றும். அந்த அழுத்தம் குழாய்களையே நசுக்கும். இரத்தம் ஓரிடத்தில் தேங்கி நிற்கும், இன்னோரிடத்துக்குப் போகவே போகாது. இவ்வளவு குழாய் இருந்தும் கட்டிக்குள் ஒக்சிசன் குறைவாகவே இருக்கும். ஒக்சிசன் குறைந்தால் மறுபடியும் வி.ஈ.ஜி.எஃப்., மறுபடியும் விழுங்கு கலங்கள், மறுபடியும் கசியும் குழாய்கள்.

சரி, புற்றைக் கொல்லக்கூடிய ரி கலங்கள் எங்கே? இரத்தத்தில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு ரி கலம் குழாயை விட்டுத் திசுவுக்குள் இறங்க வேண்டுமென்றால், குழாய்ச் சுவரில் அது பிடித்துக்கொள்ள ஒட்டுப் புரதங்கள் இருக்க வேண்டும். வி.ஈ.ஜி.எஃப். அவற்றைக் குறைத்துவிடுகிறது. சில கட்டிகளில் குழாய்ச் சுவரே ரி கலத்தைச் சாகச் சொல்லும் புரதத்தை ஏந்தி நிற்கும். இதையும் தாண்டி உள்ளே போனவை களைத்துப்போகின்றன: அவற்றின் மேலுள்ள பி.டி.-1 என்ற தடைப் பொத்தானைப் புற்றுக் கலங்களும் அந்த விழுங்கு கலங்களும் பி.டி.எல்.-1 என்ற புரதத்தால் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. ரி கலங்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரைட்டிக் கலங்களோ, வி.ஈ.ஜி.எஃப். கூடிய இடத்தில் முதிர்ச்சி அடைவதே இல்லை. இவ்வளவும் சேர்ந்துதான் நீங்கள் "சும்மா இருக்கின்றன" என்று எழுதியது. உண்மையில் ஒரு பகுதி கட்டிக்கு உழைக்கிறது, மற்றப் பகுதி வாசலில் மறிபட்டு நிற்கிறது.

இப்போது உங்கள் நல்ல கேள்விக்கு வருகிறேன். இரத்தத்தை நிறுத்தினால் மருந்து எப்படி உள்ளே போகும்? இதே கேள்வியைத்தான் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் ஹார்வர்டில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின் கேட்டார். 2001இல் அவர் முன்வைத்த விளக்கம் அதுவரை இருந்த நினைப்பை மாற்றியது. ஓட்டைகள் விழுந்த தோட்டக் குழாயை நினைத்துப் பாருங்கள்: பைப்பை எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் நடுவழியில் பீறிட்டுப் போகும், கடைசிச் செடிக்குச் சொட்டுத்தான் கிடைக்கும், ஓட்டைகளை அடைத்தால் அதே தண்ணீர் முனைவரைக்கும் போகும். வி.ஈ.ஜி.எஃப்.ஐ மட்டுப்படுத்தினால், மிகப் பலவீனமான குழாய்கள் உதிர்ந்துபோகும், மிஞ்சியவை கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். கசிவு குறையும், அழுத்தம் இறங்கும், இரத்தம் ஓடும். அந்த இரத்தத்தோடு மருந்தும் ரி கலங்களும் உள்ளே போகும். இந்த நிலை என்றைக்கும் நீடிப்பதில்லை, எல்லாக் கட்டியிலும் ஒரே மாதிரி நடப்பதுமில்லை. ஆனாலும் பெவசிசுமாப்பை வெறுமனே பட்டினி போடும் மருந்தாகப் பார்ப்பது போதாது. சுவரில் ஒட்டுப் புரதங்கள் திரும்பி வருவதும், டென்ட்ரைட்டிக் கலங்கள் முதிர்வதும் அதே மருந்தின் வேலைகள்தான். அதாவது உங்கள் அப்பாவுக்கு எழுதிய "இரத்தக் குழாய் மருந்து" பாதி நிர்ப்பீடன மருந்து.

அட்டசோலிசுமாப் செய்வது பி.டி.எல்.-1ஐ மூடி, அழுத்திப் பிடித்த பொத்தானை விடுவிப்பது. இந்த வகைத் தடைகளைக் கண்டறிந்து, அவற்றை நீக்கிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யலாம் என்று காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மாமாவிடம் வருவோம். கனடாவிலோ லண்டனிலோ ஒரு மாமா இல்லாத வெள்ளவத்தைக் குடும்பம் அரிது. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. தூரத்தில் இருந்து கையைப் பிசைபவர்கள், அநேகமாக நியாயமான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவர் கேட்டதும் நியாயமானதே, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அட்டசோலிசுமாப்பைத் தனியாக ஒரு பகுதியினருக்கும், பெவசிசுமாப்போடு சேர்த்து இன்னொரு பகுதியினருக்கும் கொடுத்த ஆய்வு 2020இல் வெளியானது. நோய் மறுபடி முன்னேறும்வரை கிடைத்த இடைநிலைக் காலம் தனி மருந்தில் 3.4 மாதம், சேர்த்துக் கொடுத்ததில் 5.6 மாதம். பி.டி.-1ஐ மறிக்கும் நிவோலுமாப்பைத் தனியாகக் கொடுத்து, பழைய சொராஃபெனிப் குளிசையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்விலும் ஆயுள் நீடிப்பில் தெளிவான வெற்றி கிடைக்கவில்லை. அட்டசோலிசுமாப்பையும் பெவசிசுமாப்பையும் சேர்த்த பிறகுதான் நிலைமை மாறியது. 2020இல் வெளியான இம்பிரேவ்150 என்ற ஆய்வில், ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் சேர்க்கை மருந்தில் 67 சதவீதம், சொராஃபெனிப்பில் 55 சதவீதம். மேலும் காலம் கழித்துப் பார்த்தபோது இடைநிலை ஆயுள் 19.2 மாதமும் 13.4 மாதமும். கட்டி கணிசமாகச் சுருங்கியது ஏறத்தாழ பத்துப் பேரில் மூவருக்கு.

19.2 மாதம் என்றால் அப்பாவுக்கு 19 மாதம்தான் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதைவிடக் கூடவும் வாழ்ந்தார்கள் என்பதே அதன் பொருள். பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கவில்லை என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. அவர்களில் பலருக்கு அது வளராமல் சில காலம் நின்றது. முதலாவது ஸ்கேன் வரும்வரை அப்பா எந்தப் பக்கம் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஈரல் வேலை இன்னும் ஓரளவு நன்றாக இருந்தவர்கள் என்பதும் முக்கியம். சைல்ட்-பியூ ஏ என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அப்பா அதில் எந்த வகுப்பு என்று கேளுங்கள். மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீரும் இருந்தால் இந்தக் கணக்குகளை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது.

மாமா சொல்வதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. குழாய் மருந்தைத் தொடாமல், துர்வலுமாப், ட்ரெமெலிமுமாப் என்ற இரண்டு நிர்ப்பீடன மருந்துகளைச் சேர்க்கும் வழி 2022இல் வந்தது. அதுவும் சொராஃபெனிப்பைவிட நல்ல பலன் தந்தது. இரத்தப்பெருக்கு ஆபத்து கூடியவர்களுக்கு வைத்தியர்கள் அதையே யோசிப்பார்கள். அவர் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் அது வேறு இரண்டு மருந்து. உங்களுக்கு எழுதித் தந்ததில் ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் ஏற்றுவதும் அதுவும் ஒன்றல்ல.

நீங்கள் நன்றாகத் தேடி வாசிப்பவர் என்று தெரிகிறது. ஆகவே கொழுப்பு ஈரலைப் பற்றி ஒரு கட்டுரை எப்படியும் கண்ணில் படும். 2021இல் வந்த ஓர் ஆய்வில், கொழுப்பு ஈரல் அழற்சி உள்ள எலிகளுக்குப் பி.டி.-1 தடை நீக்கும் மருந்தைக் கொடுத்தபோது கட்டி குறையவில்லை, சிலவற்றில் கூடியது. அந்த ஈரல்களில் குவிந்திருந்த ரி கலங்கள் புற்றைத் தேடாமல் ஈரலையே சேதப்படுத்திக்கொண்டிருந்தன. வைரஸால் வந்த ஈரல் புற்றுநோயைவிட மற்றக் காரணங்களால் வந்ததில் இந்த மருந்துகளின் பலன் குறைவோ என்ற விவாதம் அதிலிருந்து தொடங்கி இன்னும் நடக்கிறது. துர்வலுமாப் ஆய்வில் வைரஸ் இல்லாதவர்களுக்கும் நன்மை தெரிந்தது. ஆகவே நோயின் காரணத்தை மட்டும் வைத்து மருந்தை மறுக்குமாறு எந்தப் பெரிய வழிகாட்டலும் இன்று சொல்லவில்லை. எனக்கு இந்த விவாதம் வெறும் ஏட்டுச் சமாசாரமல்ல. இலங்கையில் ஹெப்படைற்றிஸ் பி குறைவு. நம்மிடம் வரும் ஈரல் புற்றுநோயில் பெரும்பகுதி உங்கள் அப்பாவைப் போலக் கொழுப்பு ஈரலும் சலரோகமும் உள்ளவர்களுக்கு, அடுத்தது குடியால் ஈரல் கெட்டவர்களுக்கு. ராகமப் பகுதியில் நடுத்தர வயதினரைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. உங்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் சீனியும் ஈரலும் எப்படி என்று பார்த்துவிடுங்கள். இது அப்பாவின் வேலைகள் கொஞ்சம் ஓய்ந்த பிறகு.

எண்டோஸ்கோபிக்கு வருகிறேன், ஏனென்றால் மாமாவின் பயத்துக்கு உண்மையான மருந்து அதுதான். ஈரல் இறுகும்போது போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறும். அந்த இரத்தம் மாற்று வழி தேடி உணவுக்குழாயின் அடியில் நாளங்களைப் புடைக்கச் செய்யும். கட்டியும் நாளத்துக்குள் புகுந்திருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். இந்தப் புடைத்த நாளம் வெடித்தால் உயிராபத்து. பெவசிசுமாப் அந்த ஆபத்தைக் கூட்டக்கூடியது. இம்பிரேவ்150இல் மேல் உணவுப்பாதை இரத்தப்பெருக்கு சேர்க்கை மருந்து பெற்றவர்களில் 7 சதவீதத்துக்கு வந்தது, சொராஃபெனிப் பெற்றவர்களில் 4.5 சதவீதத்துக்கு. அதனால்தான் தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் எண்டோஸ்கோபி செய்து, புடைப்பு இருந்தால் சிகிச்சை செய்த பிறகே அந்த ஆய்வில் ஆட்களைச் சேர்த்தார்கள். அப்பாவுக்குக் கமரா விட்டுப் பார்த்து, தேவையென்றால் புடைத்த நாளங்களுக்கு வளையம் போட்டு, அந்த அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலோல் போன்ற குளிசையைத் தொடங்கிய பிறகு ஏற்றுவதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கமரா பார்க்காமல் அவசரப்பட்டால் எனக்கு ஆட்சேபம் உண்டு.

அவர் இதயத்துக்கு, இரத்தம் உறைவதைக் குறைக்கும் அஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ எடுக்கிறாரா? உங்கள் கடிதத்தில் இல்லை. நீண்டகாலச் சலரோகக்காரர் என்பதால் கேட்கிறேன். எடுக்கிறார் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்திருந்தாலும் சொல்ல வேண்டும். பெவசிசுமாப் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரில் புரதத்தை விடும். இரண்டையும் ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள், வீட்டிலும் பிரஷர் மெஷின் ஒன்று இருந்தால் நல்லது. காயம் ஆறுவதையும் அது தாமதப்படுத்தும், ஆகவே பல் பிடுங்குவதோ வேறு சத்திரசிகிச்சையோ இருந்தால் முன்கூட்டியே பேச வேண்டும். உடம்பு வலிக்கு டைக்லோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். இறுகிய ஈரலோடு அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும்.

அட்டசோலிசுமாப்பின் தொல்லை வேறு மாதிரி. தடையை விடுவித்த ரி கலங்கள் சிலவேளை நல்ல உறுப்புகள்மீதும் பாயும். நாள் முழுக்க வயிற்றோட்டம், புதிதாக மூச்சு வாங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, காரணமில்லாத கடும் களைப்பு, கண் மஞ்சளாவது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கக்கூடாது. ஸ்டீரொய்ட் கொடுத்தால் பெரும்பாலானவை அடங்கும், நேரத்தோடு வந்தால். சலரோகம் உள்ளவருக்கு ஸ்டீரொய்ட் சீனியைத் தாறுமாறாக ஏற்றும் என்பதையும் மனதில் வையுங்கள். தொடங்குமுன் ஹெப்படைற்றிஸ் பி சோதனை செய்திருக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பெரியம்மாவின் சாறுகள். கோவிட் காலத்திலிருந்து எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்காத பொருளே கொழும்பில் இல்லை. அப்பாவின் கட்டிக்குள் எதிர்ப்புக் கலங்களுக்குப் பஞ்சமில்லை என்று மேலே பார்த்தோம்; அவற்றை மொத்தமாகக் கூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. சீந்திலில் அதைவிடப் பெரிய பிரச்சினை உண்டு. சிங்களத்தில் ரசகிந்த என்று சொல்லும் இதே கொடியைக் கோவிட் நாட்களில் இந்தியாவில் பலர் தினமும் குடித்தார்கள். அவர்களில் சிலருக்கு, நிர்ப்பீடனம் ஈரலையே தாக்கும் வகையில், ஈரல் அழற்சி வந்ததை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அட்டசோலிசுமாப்பின் பக்கவிளைவுகளில் ஒன்றும் அதே வகைதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து நாளைக்கு ஈரல் நொதியங்கள் ஏறினால், எதனால் என்று தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வரும். பப்பாசி இலைச் சாறும் இதே காரணத்துக்காக வேண்டாம். பெரியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருடைய கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: அப்பாவுக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கடலை. இரவில் படுக்கப்போகும் முன் சிறிதாக ஏதாவது. இறுகிய ஈரல் இரவு முழுக்கப் பட்டினியைத் தாங்காது, தசையைக் கரைத்துவிடும். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. உப்பு எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டிருக்கலாம். இவை விலை கூடிய மருந்துகள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ வேறெங்கோ, எங்கே ஏற்றினாலும், இதில் எது வைத்தியசாலையில் கிடைக்கும், எதை வெளியில் வாங்க வேண்டும், முதல் ஸ்கேன் வரைக்கும் எத்தனை தடவை ஏற்ற வேண்டும் என்பதைத் தொடங்குமுன் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு முறை ஏற்றிவிட்டுக் காணி விற்க ஓடுவதைவிட அது நல்லது. பெவசிசுமாப்புக்குக் குறைந்த விலையில் பயோசிமிலர்கள் (வேறு நிறுவனங்கள் செய்யும் ஒத்த மருந்துகள்) உண்டு. முடியாமல் போனால் சொராஃபெனிப், லென்வாட்டினிப் குளிசைகள் இருக்கின்றன. அவையும் இந்த இரத்தக் குழாய் வழியைத்தான் மறிக்கின்றன, சும்மா பெயருக்குக் கொடுக்கும் மருந்துகள் இல்லை.

கடைசியாக, அப்பாவிடம் சொல்வது. "புற்றுநோய் என்று கேட்டால் மனிசன் இடிந்துபோவார்" என்று பிள்ளைகள் கிளினிக் கதவுக்கு வெளியே என்னைப் பிடித்துச் சொல்வது வழமை. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மூன்று கிழமைக்கு ஒருமுறை கையில் ஊசி ஏறி, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகு, எந்த அப்பாவும் ஊகிக்காமல் இருப்பதில்லை. ஒப்புதல் கையெழுத்தும் அவரே போட வேண்டும். நீங்கள் சொல்லத் தயங்கினால் வைத்தியரைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்பதை அவர் கேட்டால் மட்டும் சொன்னால் போதும். ஒன்றை மட்டும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும்: மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, இரத்தமாகச் சத்தி வந்தாலோ அந்த நிமிடமே உங்களைக் கூப்பிட வேண்டும். மருந்துப் பெயர்கள் எழுதிய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, இரவானாலும், நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். சத்தி வந்தால் வீடே பார்க்கும். மலத்தின் நிறத்தை அவர் ஒருவர்தான் பார்ப்பார்; எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.